தொற்றுக் காலத்தில் நர்ஸுகள் வேலையை விட நினைப்பது ஏன்? பயம் மட்டும்தானா?

மேற்பார்வை_அறை எழுதியது:

வணக்கம். அடுத்த தொற்று அலைக்கான ஆள்திட்டம் ஒன்று தயாராகிறது. அதில் நர்ஸுகள் விட்டுப் போவதைத் தடுப்பது பற்றி ஒரு பகுதி எழுத வேண்டும். கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் காரணமாகச் சொன்னது ஒன்றுதான்: நோய் தொற்றிவிடும் என்ற பயம். தீர்வாகச் சொன்னதும் ஒன்றுதான்: சிறப்புப் படி. இதை மட்டும் வைத்துத் திட்டம் எழுத மனம் ஒப்பவில்லை. பயம்தான் காரணம் என்றால் ராஜினாமாக் கடிதங்கள் முதல் மாதத்திலேயே வந்திருக்க வேண்டும். அலை ஓய்ந்த பிறகல்லவா அதிகம் வருகின்றன?

வார்டு, ஐசியூ, தொற்றுத் தடுப்பு, ரோஸ்டர் என எந்தப் பக்கம் வேலை பார்ப்பவராக இருந்தாலும் சொல்லுங்கள். "இனி முடியாது" என்ற எண்ணம் எந்த இடத்தில் பிறக்கிறது? திட்டத்தில் அப்படியே எழுதிவிடும் அளவுக்கு விவரம் வேண்டும்.

தொற்றுத்தடுப்பு_மேசை எழுதியது:

பயத்தைச் சின்ன விஷயமாக ஒதுக்காதீர்கள். 2003 சார்ஸில் உலகம் முழுக்க 8,096 பேர் பாதிக்கப்பட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது மற்ற பெரியவர்களைவிடச் சுகாதாரப் பணியாளர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு அதிகம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. கொரோனாவில் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை 80,000 முதல் 1,80,000 பணியாளர்கள் வரை இறந்திருக்கலாம் என்பதும் அவர்களுடைய மதிப்பீடுதான். நர்ஸ் பயப்படுகிறார் என்றால் அவருக்குத் தொழில் தெரியும் என்று அர்த்தம்.

ஆனால் பயந்தவர்கள் எல்லாரும் போய்விடுவதில்லை. என்னைப் பாதுகாக்க இந்த இடம் உண்மையாகவே முயல்கிறது என்று நம்பினால் பயத்தோடேயே நின்று வேலை பார்ப்பார்கள். அந்த நம்பிக்கை உடைகிற இடத்தைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

என்-95 முகக்கவசம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வடிகட்டும் துணி 95 சதவீதத் துகள்களைப் பிடிக்கும் என்பது முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்டியிருந்தால்தான். அதனால்தான் ஃபிட் டெஸ்ட். தலைக்கு மேல் மூடி போட்டு, சாக்கரினோ கசப்புக் கரைசலோ தெளித்து, தலையை ஆட்டச் சொல்லி, பேசச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்ப்பார்கள். நாக்கில் சுவை தெரிந்தால் கசிவு இருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனை ஒரு மாடலுக்கும் ஒரு அளவுக்கும் மட்டுமே செல்லும். தட்டுப்பாடு வந்ததும் கொள்முதல் பிரிவு கிடைத்த வேறு மாடலை வாங்கும். சோதனை திரும்ப நடக்காது. முகம் சிறியவர்களுக்கு மூக்கின் இரு பக்கமும் காற்று கசியும்; கண்ணாடியில் ஆவி படியும். அது கசிவு என்று அந்த நர்ஸுக்குத் தெரியும். இன்சார்ஜிடம் சொல்கிறார். "இருப்பது இதுதான்" என்று பதில் வருகிறது. வேலையை விடும் எண்ணம் பலருக்கு அந்தப் பதிலில்தான் தொடங்குகிறது, கிருமியில் இல்லை.

அடுத்தது வழிகாட்டுதல். தட்டுப்பாட்டின்போது ஒரே முகக்கவசத்தைத் திரும்பப் போடுவதற்கு, தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாவிட்டால், ஐந்து முறைதான் உச்சம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. எலாஸ்டிக் தளர்ந்துவிடும் என்பதே காரணம். அதே மையம் 2020 மார்ச்சில், வேறு எதுவுமே இல்லாத கடைசிக் கட்டத்தில் கைக்குட்டை, ஸ்கார்ஃப் போன்றவற்றைக் கட்டிக்கொள்ளலாம் என்றும் எழுதியது. சரக்கு குறையக் குறைய விதி தளர்வதைப் பார்த்த நர்ஸுகள், விதியை எழுதுவது அறிவியலா கிடங்கு இருப்பா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. "சரக்கு இல்லை, இத்தனை நாளுக்கு இருக்கிறது, அதுவரை இப்படிச் சமாளிக்கிறோம்" என்று உள்ளதைச் சொல்லியிருந்தால் பாதிக் கோபம் வந்திருக்காது. திட்டத்தில் எழுதுங்கள்: மாடல் வாரியாக முகக்கவச இருப்பும், இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்பதும் தினமும் காலையில் வார்டுப் பலகையில் இருக்க வேண்டும். மாடல் மாறினால் ஃபிட் டெஸ்ட் முடியாமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது.

ரோஸ்டர்_நோட்டு எழுதியது:

கணக்காகவே போடுகிறேன், உங்கள் எண்களை மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

12 படுக்கை ஐசியூ. இரண்டு நோயாளிக்கு ஒரு நர்ஸ். எந்த நேரத்திலும் படுக்கையருகே 6 பேர் வேண்டும். வாரத்துக்கு 168 மணி நேரம், ஆக 1,008 மணி நேர வேலை. ஒருவர் வாரம் 40 மணி நேரம் என்றால் 25.2 பேர். லீவு, பயிற்சி, உடம்பு சரியில்லாதது எல்லாம் சேர்ந்து 20 சதவீதம் என்று வைத்தால் பட்டியலில் 32 பேர் இருந்தாக வேண்டும். இது சாதாரணக் காலத்துக்கு.

தொற்றுக் காலத்தில் முழுக் கவச உடையோடு தொடர்ந்து 4 மணி நேரத்துக்கு மேல் உள்ளே நிற்கக் கூடாது என்று வைத்தால், 12 மணி நேர ஷிஃப்டில் ஒருவர் உள்ளே இருப்பது 8 மணி நேரம். அப்போது 6 பேருக்குப் பதில் ஷிஃப்டுக்கு 9 பேர். வராதவர்கள் விகிதமும் 30 சதவீதமாக ஏறும், ஏனென்றால் நர்ஸுகளுக்கே தொற்றும், தனிமைப்படுத்தலும் வரும். கணக்குப் போட்டால் 54 பேர். படுக்கை ஒன்றுகூட ஏறாமலே 32 பேர் செய்த வேலைக்கு 54 பேர் தேவைப்படுகிறது. இதை முன்கூட்டிக் கணக்கிடாத நிர்வாகம் அந்த 22 பேரை எங்கிருந்து எடுக்கும்? இருப்பவர்களின் உடம்பிலிருந்துதான். லீவு ரத்தாகும், டபுள் டூட்டி வரும், ஒரு நர்ஸுக்கு நான்கு நோயாளி ஆகும்.

ஷிஃப்ட் நீளத்தையும் யாரும் நேர்மையாக எண்ணுவதில்லை. உடை அணிய 20 நிமிடம், ஹேண்ட் ஓவர் அரை மணி நேரம், கழற்றிக் குளித்து வெளியே வர இன்னொரு அரை மணி நேரம். காகிதத்தில் 12, நடப்பில் 13 மணி நேரத்தைத் தாண்டும். கவச உடையைக் கழற்ற வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். மாதவிடாய் நாட்களில் 4 மணி நேரம் என்பதே கொடுமை. ஆனாலும் ரோஸ்டர் போடும்போது இது பற்றி ஒரு வார்த்தை பேச்சு வராது.

2002இல் லிண்டா எய்கன் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வை நிர்வாகத்திடம் காட்டுங்கள். ஒரு நர்ஸிடம் ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், நர்ஸுகள் பணிச்சோர்வில் (பர்ன்அவுட்) விழும் வாய்ப்பு 23 சதவீதமும் கூடின. தொற்று இல்லாத காலத்து எண்கள் இவை.

நிர்வாகப்_பக்கம் எழுதியது:

எல்லாப் பழியையும் நிர்வாகத்தின் மேல் போடுவதாக இழை போகிறது. இரண்டு விஷயம் விடுபடுகிறது.

முதலாவது குடும்பம். கைக்குழந்தை வைத்திருப்பவர், கர்ப்பிணி, புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் பெற்றோரோடு வசிப்பவர் ஆகியோருக்கு எவ்வளவு நல்ல முகக்கவசம் கொடுத்தாலும் மனம் ஆறாது. தனக்கு வருவதைவிடத் தன்னால் வீட்டில் இருப்பவர்களுக்கு வந்துவிடுமோ என்பதுதான் அவர்கள் பயம். தங்குமிடம் ஏற்பாடு செய்தாலும் வாரக்கணக்கில் பிள்ளையைப் பிரிந்து இருக்க வேண்டும். அதுவே விட்டுப் போகக் காரணமாகிறது.

இரண்டாவது பணம். பணம் பெரிதில்லை என்று சொல்வது எளிது. 2014இல் லைபீரியாவிலும் சியரா லியோனிலும் எபோலா உச்சத்தில் இருந்தபோது பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு, அறிவித்த ஆபத்துப் படி கைக்கு வராததும் ஒரு காரணம். அமெரிக்காவில் கொரோனாவின்போது, அதே வார்டில் அதே நோயாளியைப் பார்க்க ஏஜென்சி மூலம் வந்த நர்ஸுக்கு நிரந்தரப் பணியாளரைவிடப் பல மடங்கு சம்பளம். அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் ராஜினாமா செய்துவிட்டு ஏஜென்சியில் சேர்ந்தார். எந்த மருத்துவமனையும் தனியாக இதைத் தீர்க்க முடியாது.

மேற்பார்வை_அறை எழுதியது:

அப்படியென்றால் கூட்டத்தில் சொன்னது சரிதானே? படி கொடுத்தால் போதுமா?

ரோஸ்டர்_நோட்டு எழுதியது:

நிர்வாகப்_பக்கம் சொன்ன உதாரணத்தையே மறுபடி படியுங்கள். படியின் அளவு மட்டும் அங்கே பிரச்சினை இல்லை. தருகிறோம் என்று சொன்னது வரவில்லை. படி அறிவித்தால் மூன்று விஷயத்தை அன்றே எழுத்தில் கொடுக்க வேண்டும்: யாருக்கு, எந்தத் தேதியில், எப்போது நிற்கும். "தொற்று வார்டு நர்ஸுகளுக்கு மட்டும்" என்று எழுதினால், பரிசோதனை முடிவு வருவதற்கு முன் அதே நோயாளியைத் தொட்ட அவசரப் பிரிவு நர்ஸ், ஒப்பந்த நர்ஸ், துப்புரவுப் பணியாளர் எல்லாரும் வெளியே நிற்பார்கள். கசப்பு அங்கே ஆரம்பிக்கும். கொடுக்க முடியாத படியை அறிவிக்காமலே இருப்பது நல்லது.

தொற்று வந்து படுத்த நாட்களை எந்தக் கணக்கில் எழுதுகிறீர்கள் என்பதும் பணம்தான். நோயாளியிடமிருந்து தொற்று வாங்கியவரின் சொந்த மருத்துவ லீவைக் கழித்துவிட்டு, "இங்கேதான் தொற்றியது என்று நிரூபியுங்கள்" என்று கேட்டால், அவர் திரும்பி வரும்போதே பாதி மனதோடுதான் வருவார். கவனிப்புப் பணியில் இருந்தவருக்குத் தொற்று வந்தால் அது பணியில் வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் நிர்வாகம் நிரூபிக்கட்டும்.

ஐசியூ_இரவு எழுதியது:

இதுவரை யாரும் தொடாத காரணம்தான் ஐசியூவில் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நோயாளிக்குச் செய்ய வேண்டியதைச் செய்ய முடியாமல் போவது.

வென்டிலேட்டரில் இருப்பவரைக் கவிழ்த்துப் படுக்க வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கடுமையான நுரையீரல் பாதிப்பில் ஒரு தடவைக்குக் குறைந்தது 16 மணி நேரம் கவிழ்ந்த நிலையில் வைக்கிறோம். திருப்ப ஐந்து பேராவது வேண்டும். ஒருவர் தலைப்பக்கம் நின்று மூச்சு டியூபை மட்டும் பிடிப்பார். மற்றவர்கள் அவர் சொல்லுக்குத் திருப்புவார்கள். திருப்பிய பிறகுதான் நர்ஸின் வேலை தொடங்குகிறது. தலையைப் பக்கம் மாற்ற வேண்டும், கண் மூடியிருக்கிறதா பார்க்க வேண்டும், கன்னமும் முகவாயும் அழுந்தாமல் பஞ்சு வைக்க வேண்டும், டியூப் கட்டு உதட்டை அறுக்காமல் பார்க்க வேண்டும். ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளி என்றால் முடியும். நான்கு என்றால் முதலில் விடுபடுவது வாய்ச் சுத்தம், அடுத்து தலை மாற்றுவது, அதற்கடுத்து தோல் பார்ப்பது. மருந்து விடுபடாது, ஏனென்றால் அது சார்ட்டில் தெரியும். விடுபட்டது மூன்றாம் நாள் கன்னத்தில் புண்ணாகத் தெரியும். அதைப் பார்க்கும் நர்ஸுக்கு யார் விளக்கமும் தேவையில்லை. தன் கையால் நடந்திருக்க வேண்டியது நடக்கவில்லை என்று தெரியும்.

சரியானது எது என்று தெரிந்தும் அமைப்பு அதைச் செய்ய விடாதபோது வரும் இந்த வேதனையை 1984இலேயே ஆண்ட்ரூ ஜேம்டன் நர்ஸிங் ஒழுக்கவியலில் எழுதிவிட்டார். களைப்பு தூங்கினால் தீரும். இது தீராது. லீவு கொடுத்தும் ஒருவர் திரும்பி வரவில்லை என்றால் இந்தக் காரணத்தைத் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது, மற்ற வார்டிலிருந்து ஐசியூவுக்கு மாற்றுவது. இரண்டு நாள் பயிற்சி கொடுத்து அனுப்புவார்கள். வந்தவர் நல்ல நர்ஸ்தான். ஆனால் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து சிரிஞ்ச் தீரும்போது என்ன செய்வது என்பது இரண்டு நாளில் கைக்கு வராது. அந்த மருந்து உடம்பில் நிற்பது இரண்டு மூன்று நிமிடம். பழைய சிரிஞ்சைக் கழற்றிப் புதியதை மாட்டி, பம்பின் தளர்வு இறுகி மருந்து ஓடத் தொடங்குவதற்குள் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அதனால் பழையது தீருமுன்பே புதியதை இன்னொரு பம்பில் ஓடவிட்டு, அழுத்தம் ஏறுவதைப் பார்த்து, பழையதை மெல்ல இறக்க வேண்டும். இது தெரியாமல் ஒருமுறை நோயாளியின் அழுத்தம் கண்ணெதிரே விழுவதைப் பார்த்தவர் அடுத்த டூட்டிக்கு எப்படி வருவார்? பழைய ஐசியூ நர்ஸுக்கும் நிம்மதி இல்லை. தன் நோயாளிகளோடு புதியவர்கள் மூவரின் நோயாளிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. ஆனால் கையெழுத்து யாருடையது என்று எங்கும் எழுதியிருக்காது.

திட்டத்தில் இது வேண்டும்: மாற்றி அனுப்பப்படுபவர் எந்த வேலையைத் தனியாகச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு பக்கத்தில் பட்டியல். திருப்புதல், வாய்ச் சுத்தம், சளி உறிஞ்சுதலில் உதவி, குடும்பத்துக்குப் போன் இதெல்லாம் அவர் செய்யலாம். பம்ப், வென்டிலேட்டர், மயக்க மருந்து ஐசியூ நர்ஸிடம் இருக்கட்டும். அமைதிக் காலத்திலேயே மாதம் ஒரு ஷிஃப்ட் ஐசியூவில் நிற்கவைத்துப் பழக்கினால் பயம் பாதி குறையும்.

குடும்பத்துக்குப் போன் என்றேனே, அதற்குத் தனியாக ஆள் போடுங்கள். பார்வையாளர் தடை இருக்கும்போது சாகும் நோயாளியின் காதருகே போனைப் பிடித்து நிற்பதும் நர்ஸ்தான். ஒரே ஷிஃப்டில் இரண்டு மூன்று முறை அப்படி நின்றவரை உடனே அடுத்த படுக்கைக்கு அனுப்புகிறோம். எந்த ரோஸ்டரிலும் இதற்கு நேரம் ஒதுக்கியிருப்பதில்லை.

நிர்வாகப்_பக்கம் எழுதியது:

ஐசியூ_இரவு, இதை மறுக்க முடியாது மேடம். மனநல ஆலோசகரை வைத்தும் பெரும்பாலான இடங்களில் யாரும் போவதில்லையே, அது ஏன்?

ஐசியூ_இரவு எழுதியது:

நேரம் எப்போது வைக்கிறீர்கள் என்று பாருங்கள். நைட் டூட்டி முடிந்து காலை 9 மணிக்கு என்றால் யார் உட்கார்வார்கள்? சம்பள நேரத்துக்குள், மாற்று ஆள் போட்டு அனுப்ப வேண்டும். ஆலோசகர் மருத்துவமனை மனிதவளப் பிரிவுக்கு அறிக்கை தருபவராக இருக்கக் கூடாது. எல்லாரையும் கூட்டி ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்ல வைக்கும் கட்டாயக் கூட்டமும் வேண்டாம். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பைத் தடுக்க அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலும் சொல்கிறது. அதே வார்டில் வேலை பார்க்கும் ஒருவரோடு பத்து நிமிடம் தனியாக உட்கார இடமும் நேரமும் கிடைத்தாலே பலருக்குப் பெரிய ஆறுதல்.

தொற்றுத்தடுப்பு_மேசை எழுதியது:

சொல்வதைக் கேட்காமல் போவதையும் சேர்க்க வேண்டும். டொரன்டோவில் 2003 மே மாதம் சார்ஸ் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தினார்கள். ஒரு மருத்துவமனையில் சார்ஸ் போலவே நோயாளிகள் இருக்கிறார்கள் என்று நர்ஸுகள் எச்சரித்தார்கள், யாரும் பொருட்படுத்தவில்லை. அந்த மாதக் கடைசியில் இரண்டாம் கட்டப் பரவல் வெளிப்பட்டது. நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் தலைமையிலான ஆணையத்தின் இறுதி அறிக்கை 2007 ஜனவரியில் வந்தது. ஆபத்தைக் குறைக்க அறிவியல் உறுதிக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதே அதன் மையப் பரிந்துரை. அதே 2003 ஏப்ரல் 24இல் தைபேயில் ஒரு மருத்துவமனையை முன்னறிவிப்பின்றி மூடி, உள்ளே இருந்தவர்களையும் வெளியே இருந்த ஊழியர்களையும் சேர்த்து அடைத்தார்கள். ஊழியர்கள் போராடினார்கள். தொற்றைத் தடுக்கத்தான் செய்தார்கள். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு, நம்மைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியிருக்கும்.

வார்டில் நர்ஸ் ஒரு ஆபத்தைச் சொன்னால் 24 மணி நேரத்துக்குள் "செய்தோம்" அல்லது "செய்ய முடியாது, காரணம் இது" என்று எழுத்தில் பதில் போக வேண்டும். இதற்குப் பணம் ஒன்றும் செலவாகாது.

கேள்வித்தாள் எழுதியது:

கருத்துக்கணிப்பு நடத்தப் போகிறீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை. "வேலையை விட நினைத்தீர்களா?" என்று மட்டும் கேட்டால் வரும் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். வார்டு மாற நினைப்பது, மருத்துவமனை மாற நினைப்பது, நர்ஸிங்கையே விட நினைப்பது மூன்றும் வேறு. தனித்தனியாகக் கேளுங்கள். கால அளவும் வையுங்கள்: அடுத்த ஆறு மாதத்துக்குள்ளா, ஒரு வருடத்துக்குள்ளா? நினைப்பவர்கள் எண்ணிக்கை போகிறவர்கள் எண்ணிக்கையைவிட எப்போதும் அதிகமாகவே இருக்கும். சக ஊழியர்களை நடுவில் விட்டுப் போகக் கூடாது என்று அலையின்போது பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். அலை முடிந்ததும் போவார்கள். இழையைத் தொடங்கியவர் பார்த்தது இதைத்தான்.

பெயர் கேட்காவிட்டால் ரகசியம் என்று நினைக்காதீர்கள். 20 பேர் உள்ள வார்டில் வயது, பணி அனுபவம், பிள்ளைகள் எண்ணிக்கை மூன்றையும் கேட்டால் யார் என்று தெரிந்துவிடும். அது தெரிந்தே எல்லாரும் நடுப் பதிலைக் குறிப்பார்கள். பணிச்சோர்வை அளக்க மாஸ்லாக் கேள்வித்தாள் இருக்கிறது: 22 கேள்வி, மூன்று பகுதி. மூன்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்க வேண்டாம். சோர்வு மட்டும் ஏறியிருந்தால் ஓய்வும் ஆளும் கொடுத்துப் பார்க்கலாம். நோயாளியைப் பொருள்போலப் பார்க்கும் விலகல் ஏறியிருந்தால் ஐசியூ_இரவு சொன்ன பக்கம் பாருங்கள்.

மேற்பார்வை_அறை எழுதியது:

மிக்க நன்றி எல்லாருக்கும். கடைசியாக ஒன்று. அலை முடிந்த அடுத்த மூன்று மாதத்துக்கு என்ன எழுதலாம்? தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சைகளை உடனே தொடங்கச் சொல்லி அழுத்தம் வரும்.

ரோஸ்டர்_நோட்டு எழுதியது:

அந்த அழுத்தத்தைத் தடுப்பதுதான் உங்கள் திட்டத்தின் முக்கியப் பகுதி. ரத்தான லீவை எல்லாருக்கும் கொடுத்து முடிக்கும் வரை அறுவை அரங்கை முழு அளவில் திறக்கக் கூடாது. படிப்படியாகத் திறக்க, பட்டியலில் எத்தனை நர்ஸ் இருக்கிறார்கள் என்பதை அளவாக வையுங்கள். எத்தனை படுக்கை காலி என்பதை அல்ல. லீவைப் பணமாகக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் யோசனை வரும். ஒப்புக்கொள்ளாதீர்கள், குறைந்தது தொடர்ச்சியாக இரண்டு வாரமாவது ஓய்வாகவே போகட்டும். நைட் டூட்டி முடிந்து 11 மணி நேரத்துக்குள் அடுத்த டூட்டி போடுவதை அவசரகாலப் பழக்கமாக விட்டுவைத்திருப்பார்கள். அதை நிறுத்தும் தேதியை எழுத்தில் போடுங்கள்.

கேள்வித்தாள் எழுதியது:

ஒன்று சேர்க்கிறேன். ராஜினாமா கொடுத்த பிறகு காரணம் கேட்டால், அனுபவச் சான்றிதழ் கையில் வரும்வரை யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். மூன்று மாதம் கழித்து, வெளியிலிருந்து ஒருவர் போனில் கேட்கட்டும். அந்தப் போனிலேயே, பகுதி நேரமாகவோ வேறு வார்டிலோ திரும்பி வர விருப்பமா என்றும், வந்தால் பழைய பணிமூப்பு தொடரும் என்றும் சொல்லச் சொல்லுங்கள். பணிமூப்பு தொடரும் என்பதற்கு முன்பே உத்தரவு வாங்கி வைத்திருக்க வேண்டும். போனில் சொல்லிவிட்டுப் பிறகு இல்லை என்றால் போனவர்களோடு இருப்பவர்களும் சேர்ந்து போவார்கள்.